ரீச்சரிடம் கேளுங்கள்: பெறுபேறு கைக்கு வந்த பிறகு

வழக்கமாக இந்தப் பகுதியில் ஐந்தாறு விதமான கேள்விகளை எடுப்பேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி உயர்தரப் பெறுபேறு பற்றியவை என்பதால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், மன்னியுங்கள். கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் படித்தபோது மனதை வருத்திய விஷயம் ஒன்று உண்டு. பாதிப் பிள்ளைகள் "நான் பெயில் ரீச்சர்" என்றுதான் தொடங்குகிறார்கள், கீழே பெறுபேற்றைப் பார்த்தால் மூன்று பாடமும் சித்தி. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவள் நான். பெறுபேறு வந்த முதல் இரண்டு கிழமையில் ஒரு வீட்டில் என்ன கதைக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பிள்ளையின் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: ரீச்சர், உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதினேன். உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஸ். டொக்டராக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் பெயிலாகி நிற்கிறேன். பெறுபேறு வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார். அம்மா இரண்டாம் தடவை எழுதச் சொல்கிறா. எழுதவா, விடவா? கம்பஸுக்கு விண்ணப்பம் போடத்தான் வேணுமா?
- சாம்பல்தீவு மாணவி

பதில்: மகள், முதலில் உன் கடிதத்தில் ஒரு சொல்லை வெட்டுகிறேன். நீ பெயிலாகவில்லை. எஸ் என்றால் 35 புள்ளிக்குக் குறையாது, அது சித்தி. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்கிறாய், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி உனக்கு இருக்கிறது. தகுதி இருப்பது வேறு, தெரிவாவது வேறு. இந்த இரண்டையும் நாங்கள் வீட்டில் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, தெரிவாக வாய்ப்புக் குறைவு என்றால் உடனே பெயில் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

விண்ணப்பம் போடத்தான் வேணுமா என்று கேட்கிறாய். கட்டாயம் போட வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. பெரும்பாலான துறைகளுக்கு நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒதுக்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் எடுக்கிறார்கள். அந்த 16 இல் எங்கள் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பில் படிக்கும் உன் மச்சாள் அவளுடைய இசட் புள்ளியை, அதாவது தெரிவுக்கென்று கணக்கிடும் புள்ளியை, வைத்துச் சொல்லும் கணக்கு உனக்குப் பொருந்தாது. உன் கணக்கு திருகோணமலை மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாகத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளி, அதையும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் பிள்ளைகள் அநியாயமாகத் தோற்றுப்போகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் விண்ணப்பப் பிரதியைக் கொண்டுவந்து என் விறாந்தையில் இருந்தாள். வாங்கிப் பார்த்தேன்: மருத்துவம், மருத்துவம், மருத்துவம், பல் மருத்துவம். நான்கு வரி, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அந்த வருட வெட்டுப்புள்ளி வந்தபோது அவளுடைய இசட் புள்ளிக்குள் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு துறைகள் இருந்தன. அவள் அவற்றை எழுதவே இல்லை, எழுதாததை யாரும் தரமாட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி, நீ தகுதி பெறும் எல்லாத் துறைகளின் யூனிகோட்டையும், அதாவது துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டையும், ஒரு கொப்பியில் எழுது. உனக்கு உண்மையிலேயே படிக்க விருப்பமான ஒழுங்கில் அடுக்கு, கடைசி வரி வரைக்கும் நிரப்பு. முடிவுத் திகதி போன பிறகு ஒழுங்கை மாற்ற விடமாட்டார்கள். முதல் சுற்றில் கிடைக்காதவர்களுக்கு வெற்றிடம் நிரப்பும்போது கிடைப்பதும் உண்டு, அதுவும் எழுதியவர்களுக்குத்தான்.

உன் வீட்டுக்குக் கிட்டவே பார். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே பிரயோக விஞ்ஞானம் இருக்கிறது, சித்த மருத்துவம் இருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு உயிரியல் பிரிவுப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள். எம்பிபிஎஸ் வெட்டுப்புள்ளியை விட அதன் வெட்டுப்புள்ளி நன்றாகக் குறைவு, படித்து முடித்தவர்கள் பதிவுபெற்ற வைத்தியர்களாக அரச சேவைக்கும் போகிறார்கள். நோயாளியைப் பார்த்துக் குணப்படுத்த வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால் இதை "கிடைக்காதவர்கள் போகும் இடம்" என்று நினைக்காமல் ஒரு நாள் அங்கே போய்ப் படிக்கும் பிள்ளைகளோடு கதைத்துப் பார். அதே ஆசைக்கு இன்னொரு வழி தாதியர் பயிற்சி. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன, ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். கல்வியியற் கல்லூரியையும் விட்டுவிடாதே. மட்டக்களப்பு, வவுனியா, கோப்பாய், அட்டாளைச்சேனை என்று எங்களைச் சுற்றியே இருக்கின்றன. இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இரண்டாம் தடவை. உன் பெறுபேற்றைப் பார்த்தால் எழுதலாம் என்றுதான் சொல்வேன். முதல் தடவையிலேயே உயிரியலுக்கு சி எடுத்தவளுக்கு இரசாயனவியலை உயர்த்த இடம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு எழுது. ஒரு துறைக்குத் தெரிவாகிப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துவிட்டால், பிறகு வரும் பெறுபேற்றை வைத்து இன்னொரு துறைக்குப் போக முடியாது. கைநூலில் அந்த விதி இருக்கும் பகுதியை அப்பாவையும் பக்கத்தில் இருத்தி வாசி. அவர் கோபத்தில் கதைக்காமல் இருக்கிறார் என்று நீ நினைக்கிறாய், எனக்கு அப்படித் தெரியவில்லை. என்ன சொல்வது என்று தெரியாத தகப்பன்மார்தான் முற்றத்துக்குப் போகிறார்கள். கைநூலையும் ஒரு பேனையையும் கொண்டு நீயும் முற்றத்துக்குப் போ, "அப்பா, இதை எனக்குச் சரிபார்த்துத் தாருங்கள்" என்று கேள்.

*

கேள்வி: ரீச்சர், கணிதப் பிரிவு, இரண்டாம் தடவை. இணைந்த கணிதம் எஃப், பௌதிகவியல் எஃப், இரசாயனவியல் எஸ். முதல் தடவையும் ஏறக்குறைய இதுதான். எனக்கு எஞ்சினியர் வேலைதான் விருப்பம், சின்ன வயதிலிருந்து வீட்டில் பழுதான சாமான் எல்லாம் நான்தான் கழற்றுவது. மூன்றாம் தடவையும் எழுதினால்தான் ஏதாவது உண்டு என்று ரியூஷன் சேர் சொல்கிறார்.
- மூதூர் மாணவன்

பதில்: தம்பி, உன் சேர் உன் நன்மைக்குத்தான் சொல்கிறார், ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை. இரண்டு தடவை ஒரே இரண்டு பாடத்தில் ஒரே இடத்தில் நிற்கிறாய். மூன்றாம் தடவை எழுதுவதென்றால் படிக்கும் முறையில் என்ன மாறப்போகிறது என்று நீயே ஒரு தாளில் எழுதிப் பார். எழுத ஒன்றும் வரவில்லையென்றால் அந்த வருடத்தை வேறு வழிக்குக் கொடு.

உனக்குத் தெரிந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். போன வருடம் மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனபோது நிழலில் ஒருவன் குந்தியிருந்து போட் எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் என்னிடம் படித்தவன், உன்னைப் போலவே கணிதத்தில் இரண்டு எஃப். பழைய சாக்கு ஒன்றை விரித்து, கழற்றிய ஒவ்வொரு துண்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைத்திருந்தான். பிளக், காபரேட்டர், அதன் சின்னச் சின்னத் திருகாணிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெண்கட்டியால் இலக்கம். ஏன் இப்படி என்று கேட்டேன். "உப்புத் தண்ணி எதால உள்ளுக்குப் போனதெண்டு பாக்கத்தான் ரீச்சர், கழட்டின ஒழுங்கு தெரிஞ்சா காரணமும் தெரியும்" என்றான். வகுப்பில் ஒரு நிறுவலை ஒழுங்காக எழுதாத பிள்ளை அவன். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன், இவனுக்கு ஒழுங்கு தெரியாது என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

அவன் போன வழியைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். வேலை பழகிக்கொண்டிருந்தபோதே அனுபவத்தை வைத்துத் தகைமைக்கு மதிப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிடம் விண்ணப்பித்து மட்டம் 4 சான்றிதழ் எடுத்தான், அதைக் கொண்டு மட்டம் 5 டிப்ளோமாவுக்குப் போனான். தேசிய தொழில் தகைமை, என்விகியூ என்று சொல்கிறார்களே, அதில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 என்பது பட்டம். அந்தப் பட்டத்தைக் கொடுப்பதற்கென்றே 2008 இல் சட்டம் போட்டு ஆரம்பித்ததுதான் இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், யுனிவோடெக் என்பார்கள். உயர்தரத்தில் எஃப் எடுத்தவன் ஒரு நாளும் பட்டதாரியாக முடியாது என்று உன்னிடம் யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் படிக்கட்டு இருப்பது தெரியாது. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நல்லபடியாக இருந்தால் பெரும்பாலான பயிற்சிகளுக்குள் நுழைய அதுவே போதும்.

எங்கே போவது? திருகோணமலையிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கும் இங்கே ஒரு நிலையம் இருக்கிறது, கடலோடு சேர்ந்த வேலைகளுக்கு அங்கே விசாரி. மூதூரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தராதது எனக்கு ஆச்சரியம்தான். கொஞ்சம் தூரம் போகத் துணிந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 2016 இல் திறந்தது. வாகனம், மின், இயந்திரம் என்று நீ கழற்ற விரும்பும் எல்லாமே அங்கே முறையாகப் படிப்பிக்கிறார்கள். சேர முதல் எந்த இடத்திலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேள்: "இந்தப் பாடநெறி என்விகியூ எத்தனையாம் மட்டம்?" மட்டமே இல்லை, எங்கள் சொந்தச் சான்றிதழ் தருவோம் என்றால் எழும்பி வந்துவிடு. மட்டம் இல்லாத சான்றிதழை வைத்து அடுத்த படிக்கு ஏற முடியாது, இரண்டு வருடம் போன பிறகுதான் அது தெரியவரும்.

*

கேள்வி: அன்பான ரீச்சருக்கு. மகன் வர்த்தகப் பிரிவில் மூன்று எஸ். கம்பஸ் கிடைக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து போன் எடுத்து, மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம், வேலையும் எடுத்துத் தருவோம், இந்தக் கிழமைக்குள் ஐந்து லட்சம் கட்டினால் கழிவு என்கிறார்கள். என்னிடம் தாலிக்கொடியும் ஒரு சோடி காப்பும் இருக்கிறது. ஈடு வைக்க நினைக்கிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில், அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
- உப்புவெளி தாய்

பதில்: தங்கச்சி, இதை நீங்கள் வாசிக்கும்போது அந்தக் கிழமை முடிந்திருக்கக்கூடும். ஆனாலும் சொல்கிறேன், படிப்புக்கு நல்ல இடம் எதுவும் உங்களை ஒரு கிழமைக்குள் காசு கட்டச் சொல்லி விரட்டாது. காப்பு கையில் இருக்கட்டும்.

எனக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு பிள்ளை இப்படித்தான் போனாள். மேல்மாடியில் ஏசி போட்ட வகுப்பு, கழுத்தில் தொங்கும் அட்டை, எல்லாம் இருந்தது. இரண்டாம் வருடம் நடுவில் ஒரு திங்கட்கிழமை போனபோது பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு இருந்தது, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது என்று எழுதிய ஒரு தாள்கூட இருக்கவில்லை. அந்தத் தாய் அடைவு மீட்க எடுத்த வருடங்களை நான் கண்ணால் பார்த்தவள்.

ஆகவே முதல் கேள்வி: பட்டத்தை யார் கொடுக்கிறார்கள்? உள்ளூர் நிறுவனமே கொடுக்கிறதென்றால், 1978 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி பெற்றிருக்க வேண்டும், அதுவும் உங்கள் மகன் படிக்கப்போகும் அதே பட்டத்துக்கு. நிறுவனத்துக்கு அனுமதி இருப்பது ஒன்று, இந்தப் பட்டத்துக்கு இருப்பது இன்னொன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். போனில் சொன்னவரிடம் கேட்டுப் பயனில்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு முழுச் செலவையும் கேளுங்கள், முதல் தவணையை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அந்த நாட்டுக் காசில் கட்டும் பதிவுக் கட்டணம், கொழும்பில் தங்கும் அறை, சாப்பாடு, பஸ் காசு. இந்தக் கணக்கை வீட்டுக்காரரோடு கதைக்காமல் நீங்கள் தனியே சுமக்கக் கூடாது. இன்றைக்கு இரவே அவருக்குச் சொல்லுங்கள்.

தனியாரில்தான் படிக்க வேண்டும் என்று முடிவானால், அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத, மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று நடத்துகிறது. அதில் சேர்த்த நிறுவனங்களும் பட்டங்களும் பட்டியலாக வரும். உங்களுக்குப் போன் எடுத்த இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே பாதிப் பதில் சொல்லிவிடும்.

ஆனால் கொழும்புக்குப் போக முதல், திருகோணமலையில் உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? ஏரிஐ என்று பிள்ளைகள் சொல்வார்கள். உயர் தேசிய டிப்ளோமா படிப்பிக்கும் அரச நிறுவகம். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்ற பாடநெறிகள் அந்த நிறுவகங்களில் உண்டு, எது எந்த ஊரில் என்று அந்த வருட அறிவித்தலில் போடுவார்கள். முழுநேரமாகப் படிப்பவர்களிடம் பெரிய கட்டணம் வாங்குவதில்லை. வர்த்தகப் பிரிவில் மூன்று எஸ் எடுத்த பிள்ளைக்குக் கணக்கியல் டிப்ளோமா நல்ல பாதை. மகன் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் படுத்து, சைக்கிளில் போய்ப் படிக்கலாம். அதோடு சேர்த்து கணக்கியல் தொழில் பரீட்சைகள், ஏஏரி போன்றவை, ஒவ்வொரு படியாக எழுதலாம். கம்பஸ் விண்ணப்பத்தையும் போடச் சொல்லுங்கள், சாம்பல்தீவுப் பிள்ளைக்கு எழுதியது உங்கள் மகனுக்கும்தான்.

*

கேள்வி: அண்ணா பெறுபேறு வந்த நாளிலிருந்து அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். போனையும் நிறுத்திவிட்டார். இரவில் நித்திரை கொள்வதில்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று ஒரு தரம் சொன்னார். அம்மா அது கோபத்தில் சொன்னது என்கிறா. நான் பத்தாம் வகுப்பு. என்ன செய்வது ரீச்சர்?
- பெயர் வேண்டாம்

பதில்: நீ எழுதியது மிகச் சரி, பிள்ளை. உன் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் கடிதத்தில் தந்த வழியில் ஏற்கெனவே தொடர்புகொண்டுவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

அப்படி ஒரு வார்த்தை வந்தால் அது கோபமா இல்லையா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, மாறாகச் சொல்ல ஆள் இருக்கிறது என்று தெரியவரும். மருந்து, பூச்சிநாசினி, கயிறு எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும். 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணன் அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்க வேண்டாம், சொந்தக்காரர் வந்து பெறுபேறு கேட்டால் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புங்கள். அவருக்கு நித்திரை வரட்டும், பசி வரட்டும். விண்ணப்பங்களின் திகதியை நீயோ நானோ பார்த்துக்கொள்ளலாம்.

*

கேள்வி: எனக்கு 26 வயது. கலைப் பிரிவில் மூன்று பாடம் சித்தி, ஏழு வருடமாகிறது. தம்பலகாமத்தில் கடையில் நிற்கிறேன். பட்டம் படிக்க ஆசை. வயது போய்விட்டதா?
- தம்பலகாமம் வாசகர்

பதில்: இல்லை. திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் ஆரம்பித்ததே உங்களைப் போல வேலையோடு படிப்பவர்களுக்காகத்தான். இசட் புள்ளியும் வேண்டாம், மாவட்டமும் வேண்டாம். உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கிப் பட்டத்துக்கு ஏறலாம், உங்களுக்கு அந்தப் படி தேவைப்படாது. மட்டக்களப்பில் அதற்கு ஒரு பிராந்திய நிலையம் இருக்கிறது. இன்னொரு வழி வெளிவாரிப் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன, பதிவு கோரும் அறிவித்தல் எப்போதாவதுதான் வரும், அதனால் அவர்களின் இணையத்தளத்தை மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். இந்தப் பட்டங்களை இடையில் விடுபவர்கள் அநேகமாகப் படிப்புக் கஷ்டம் என்று விடுவதில்லை, நேரம் கிடைக்காமல்தான் விடுகிறார்கள். கடை எட்டு மணிக்குப் பூட்டினால் நீங்கள் எந்த மணிக்குப் படிப்பீர்கள்? முதலாளியிடம் சனிக்கிழமை வகுப்புக்கு விட முடியுமா என்று பதிவுக்கு முதலே கேட்டுவிடுங்கள். அதிகாலை நாலரைக்கு எழும்பிப் படித்து, முப்பத்திரண்டு வயதில் பட்டம் எடுத்து, இன்றைக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஆசிரியராக இருக்கிற ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். அவருக்கு உதவிய பெரிய விஷயம் மனைவி அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிள்ளைகளை எழுப்பாமல் பார்த்துக்கொண்டதுதான் என்று அவரே சொல்வார்.

*

கேள்வி: மீள்பரிசீலனைக்குப் போடலாமா?
- பாலையூற்று மாணவி

பதில்: ரியூஷன் வகுப்புப் பரீட்சைகளில் தொடர்ந்து பி எடுத்த பாடத்துக்கு எஃப் வந்திருக்கிறதென்றால் போடு. "எல்லாரும் போடுகிறார்கள்" என்பதற்காகப் போடாதே. திகதி குறுகியது, பாடசாலை அலுவலகத்தில் நாளைக்கே விசாரி. ஆனால் மறுமொழி வரும்வரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திராதே, அவற்றின் திகதிகள் உனக்காக நிற்காது.

*

கேள்வி: ரீச்சர், நான் எழுதியது சாதாரண தரம். கணிதமும் ஆங்கிலமும் டபிள்யூ, அதாவது பெயில், மற்றப் பாடங்களிலும் எஸ்தான் கூட. வாப்பா கட்டாருக்குப் போகும்வரை கடையில் நிற்கச் சொல்கிறார். இதற்குப் பிறகு படிக்கவே முடியாதா?
- கிண்ணியா மாணவன்

பதில்: முடியும் தம்பி, உன் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் கேள்வியே நீ படிக்க விரும்புகிறாய் என்று சொல்கிறது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பிரிவில் சேரலாம், 13 வருட உத்தரவாதக் கல்வி என்று பெயர், 2017 இல் தொடங்கினார்கள். இரண்டு வருடம் பாடசாலையிலேயே தொழில் படித்து என்விகியூ மட்டம் 4 வரைக்கும் போகலாம், அதற்குப் பிறகு ஏறும் படிக்கட்டை மேலே மூதூர்த் தம்பிக்கு எழுதியிருக்கிறேன், அதையும் வாசி. எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை. எந்தப் பாடசாலையில், எந்தத் தொழில் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வாப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். கட்டாருக்குப் போனாலும் மட்டம் 4 மின்னிணைப்பாளன் சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளம் ஒன்றல்ல, இதை அவருக்கே அங்கே போய் வந்த யாரையாவது கொண்டு சொல்ல வை. கணிதத்தை அடுத்த தடவை தனியார் பரீட்சார்த்தியாக எழுது, அந்த ஒரு பாடம் பின்னால் பல இடத்தில் கேட்பார்கள்.

அலுவலகத்துக்குத் தனியே போகாதே, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. பெறுபேற்றுத் தாளின் மூலப் பிரதி, இரண்டு போட்டோப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் எடு. மத்தியானத்துக்குப் பிறகு போனால் கேட்க வேண்டிய அலுவலர் வெளிக்களத்துக்குப் போயிருப்பார்.